சோயா மீற்: பக்கற்றில் இருப்பதும் தட்டில் குறைவதும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"மிஸ், என் மகளுக்கு 15 வயது. ஆறு மாதமாக இறைச்சியும் மீனும் தொடுவதில்லை. முட்டை சாப்பிடுகிறாள், பால் குடிக்கிறாள். என் மாமி கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்ததிலிருந்து நாலு வருடமாக மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. அவருக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், மெற்போமின் குளிசை போடுகிறார். இவர்கள் இரண்டு பேருக்காகவும் கிழமையில் நாலு நாள் சோயா மீற் சமைக்கிறேன். இவர், 'அது எண்ணெய் எடுத்த சக்கை, அதில் என்ன சத்து இருக்கு' என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, சோயா பெண்பிள்ளைகளின் ஹோர்மோனைக் குழப்பும் என்கிறார். கனடாவிலிருந்து வந்த தம்பி, அங்கே தாவரத்தில் செய்த இறைச்சி இரத்தம் வடிகிற மாதிரியே இருக்கும், சத்தும் இறைச்சி மாதிரித்தான் என்கிறான். சோயா மீற் உண்மையில் இறைச்சிக்கு ஈடாகுமா? மாமிக்குக் கொஞ்ச நாளாகக் கால் விறைக்கிறது. அது சீனியால் வருவதுதானே என்று விட்டுவிட்டோம்."

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதற்குக் கட்டாயம் வருவேன். முதலில், வீட்டில் சண்டையாகக் கிடக்கிற சக்கை விஷயத்தை முடித்துவிடுவோம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. சோயா மீற்றின் மூலப்பொருள், சோயா அவரையிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் மாவுதான். அந்த மாவில் தண்ணீர் சேர்த்து, திருகு சுழலும் ஓர் இயந்திரத்துக்குள் கடுஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளுவார்கள். சின்னத் துவாரத்தால் வெளியே வரும்போது உள்ளே அடைபட்ட நீராவி பொங்கி வெளியேறும். மாவு உப்பி, பஞ்சு போலத் துளை விழுந்து, நார் நாராக நிற்கும். அதை வெட்டிக் காயவைத்தால் சோயா மீற். ஆனால் எண்ணெய் போனதால் சத்துப் போய்விட்டது என்பது சரியில்லை. புரதம் அந்த மாவிலேயே தங்கிவிடுகிறது. கறவை மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிற ஊர்க்காரர் நாம். எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் ஒன்றுமில்லை என்றால் அதைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுக்கு ஏன் வைக்கிறோம்? அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சுவையூட்டாத காய்ந்த சோயா 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்பு ஒரு கிராம் அளவுதான். பச்சைக் கோழி இறைச்சி 100 கிராமில் 20 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரதம் வரும். இதை வைத்து, சோயா கோழியைவிட இரண்டு மடங்கு என்று சிலர் சொல்வார்கள். அது தவறான கணக்கு. காய்ந்த பொருளை ஈரமான பொருளோடு நிறுக்கக் கூடாது. கடிதம் வந்த அன்றே வீட்டில் ஒரு 90 கிராம் பக்கற்றை உடைத்து, சுடுநீரில் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, நன்றாகப் பிழிந்து தராசில் வைத்தேன். 250 கிராமுக்குக் கிட்ட நின்றது. கூடியது அத்தனையும் தண்ணீர். சட்டிக்குள் போகும்போது 100 கிராம் சோயாவில் 15, 16 கிராம் புரதம்தான் இருக்கும்.

வீட்டுக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு பக்கற்றில் 40 கிராம் அளவு புரதம் என்று வைத்தால், நாலு பேர் பகிரும்போது ஆளுக்குப் பத்து கிராம். எலும்போடு அரைக் கிலோ கோழி வாங்கினால் சதை 300 கிராம் சொச்சம் வரும், ஆளுக்கு 15 கிராம் புரதம் கிடைக்கும். ஆகவே ஒரு வேளைக்குச் சோயா கொஞ்சம் பின்தங்கும், ஆனால் வெகுதூரம் இல்லை. உங்கள் மகள் 45 கிலோ நிறை என்றால் அவளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 40 கிராம் புரதம் போதும். சோற்றிலும் இடியப்பத்திலுமிருந்தே 12 கிராம் வந்துவிடும். ஒரு முட்டையில் ஆறு, ஒரு கிளாஸ் பாலில் ஆறு, பருப்பில் ஆறேழு, சோயாவில் பத்து. கணக்கு நிரம்பிவிட்டது பாருங்கள்.

புரதத்தின் தரமும் குறைந்ததல்ல. உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் எவ்வளவு இருக்கின்றன, எவ்வளவு செமிக்கின்றன என்று பார்த்து 1 வரைக்கும் புள்ளி போடும் ஒரு முறை உண்டு. அதில் மாட்டிறைச்சிக்கு 0.92. சோயாப் புரதம் அதற்கு மிகக் கிட்ட நிற்கிறது, சுத்திகரித்த வடிவில் 1ஐயே தொடும். தாவரங்களில் இப்படி வருவது அபூர்வம். கோதுமையின் பசைப் புரதத்தில் செய்த 'சைவ இறைச்சி'யும் சில கடைகளில் கிடைக்கிறது. அதற்கு அதே முறையில் 0.25தான். வாங்கும்போது சோயாவா கோதுமையா என்று பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் கொடுக்கிற திரிபோஷா 1973இல் தொடங்கியது. அது சோளமும் சோயாவும் சேர்ந்த மா. நீங்களும் நானும் கிளினிக்கில் வாங்கி, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிட்டு வளர்ந்தோம். சோயாவைச் சக்கை என்பவர்களுக்கு இதை நினைவுபடுத்துவது எனக்குப் பிடிக்கும்.

ஆகவே புரதத்துக்காக நீங்கள் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். நான் கவலைப்படுவது வேறு மூன்றைப் பற்றி: இரும்பு, விற்றமின் பி12, உப்பு. முதல் இரண்டும் தட்டில் குறைகின்றன, மூன்றாவது பக்கற்றோடு கூடி வருகிறது.

அதற்கு முன், உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும். சோயா இறைச்சிக்கு ஈடா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் மச்சம் என்றால் பெரும்பாலும் மீன்தானே. இறைச்சி ஞாயிற்றுக்கிழமைக்கோ கொண்டாட்டத்துக்கோ வரும். மற்ற நாளெல்லாம் நெத்தலி, சாளை, வாவி மீன், இறால், ஒன்றும் கிடைக்காத நாளில் கருவாடு. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்த மாதங்களில் பல வீடுகளில் சோயா மீற் வந்து உட்கார்ந்தது மீனின் இடத்தில்தான். மகள் விட்டதும் அதிகமாக மீனைத்தான்.

இந்த வித்தியாசம் பெரியது. சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை விட்டு ஒருவர் சோயாவுக்கு மாறினால் நான் சந்தோஷப்படுவேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றும் சொன்னது. அப்படியான உணவை விடுவது லாபம். ஆனால் தலையும் முள்ளுமாகச் சாப்பிடுகிற நெத்தலியை விட்டுச் சோயாவுக்குப் போனால் அங்கே நட்டம் இருக்கிறது. நெத்தலி முள்ளில் கல்சியம், சாளையின் கொழுப்பில் ஒமேகா 3, மீன் எல்லாவற்றிலும் பி12. சோயா பக்கற்றில் ஒமேகா 3 இல்லை என்றே சொல்லலாம், எண்ணெயோடு போய்விட்டது. பி12 அறவே இல்லை. மகளின் முடிவை மாற்றச் சொல்லவில்லை. அவள் மனம் அப்படிப் போயிருந்தால் அதை மதியுங்கள். இழந்ததை வேறு வழியில் கொடுக்க முடியும், அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இரும்பு. 15 வயதுப் பெண்பிள்ளைக்கு நாளுக்கு 15 மில்லிகிராம் அளவு இரும்பு வேண்டும். மாதவிடாய் இருக்கிறது, வளர்ச்சியும் நிற்கவில்லை. காய்ந்த சோயா 100 கிராமில் ஒன்பது மில்லிகிராம் இரும்பு, மாட்டிறைச்சியில் இரண்டரை அளவு, கோழியில் அதைவிடக் குறைவு. பார்த்தால் சோயாதான் வென்றது போல இருக்கும். ஆனால் இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி இரத்தத்தோடு சேர்ந்த வகை. அந்த வகையில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். தாவர இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகாது. சோயாவில் பைற்றேற் என்ற பொருள் இருக்கிறது. அது இரும்பையும் நாகம் (சிங்க்) என்ற தாதுவையும் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. ஆகவே லேபிளில் இருக்கிற இரும்பு வேறு, இரத்தத்தில் சேர்கிற இரும்பு வேறு.

நல்ல விஷயம் என்னவென்றால், தாவர இரும்பு உள்ளே போவதைக் கூட்டவும் குறைக்கவும் எங்கள் கையால் முடியும். விற்றமின் சி சேர்ந்தால் கூடும். முருங்கையிலைச் சுண்டலோ பொன்னாங்கண்ணிச் சுண்டலோ செய்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். கொதிக்கும்போது பிழிந்தால் விற்றமின் சி குறைந்துவிடும், இறக்கியதும் பிழிய வேண்டும். எங்கள் அம்மாமார் கசக்கும் என்றுதான் இறக்கிப் பிழிந்தார்கள். அந்தப் பழக்கம் இரும்புக்கும் நல்லதாகவே அமைந்தது. சோயாக் கறி வைக்கிற நாளில் இப்படி ஒரு சுண்டல் தட்டில் இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு ஒரு துண்டு கொய்யா அல்லது நெல்லிக்காய் கொடுத்தால் இன்னும் நல்லது.

குறைப்பது எது தெரியுமா? தேத்தண்ணி. சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்த உடனே ஒரு பிளேன்ரீ குடித்தால், உள்ளே போகவிருந்த தாவர இரும்பு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இராச்சாப்பாடு முடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையோடு மேசைக்குப் போவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள், போதும். அப்புறம், பள்ளிக்கூடத்தில் கிழமைக்கு ஒருமுறை இரும்பும் போலிக் அமிலமும் உள்ள குளிசை தந்தால், வயிற்றைப் புரட்டுகிறது என்று எறியாமல் குடிக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், ஏதாவது சாப்பிட்டபின் குடித்தால் புரட்டல் குறையும். அவளுக்குக் களைப்பு, மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் இருந்தால் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள். சின்னச் சோதனைதான்.

உப்புக்கு வருவோம். கடைகளில் அதிகம் விற்பது சுவையூட்டிய சோயா. கோழிச் சுவை, இறால் சுவை, கணவாய்ச் சுவை என்று பெயர் போட்டு, உள்ளே ஒரு சின்னத் தூள் பையும் வைத்திருப்பார்கள். நான் ஊறவைத்த பக்கற்றில் அந்தப் பையை உடைத்து நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். முதலில் உப்புத்தான் ஏறியது, பின்பு கோழி வாசனை. பதப்படுத்தாத கோழியிலும் மாட்டிறைச்சியிலும் இயற்கையாக உள்ள சோடியம் 100 கிராமுக்கு 70, 80 மில்லிகிராம்தான். சுவையூட்டாத சோயாவிலும் சோடியம் சொற்பம். ஆக, உப்பைக் கொண்டு வருவது அந்தத் தூள்தான். ஒருவருக்கு நாளுக்கு மொத்தம் ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சின்னத் தேக்கரண்டி. அதற்குள் சம்பல், ஊறுகாய், கருவாடு, சோற்றுக்குப் போடும் உப்பு எல்லாம் அடக்கம். மாமி போல சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பிரசரும் சேர்ந்து வருவது வழமை, அவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

செய்ய வேண்டியது லேசு. முடிந்தால் சுவையூட்டாத சோயா வாங்குங்கள். சுவையூட்டியதுதான் கிடைத்தால், அந்தத் தூளைப் போடாமல் உங்கள் வீட்டுக் கறித்தூளைப் போடுங்கள். நீங்கள் வறுத்து இடித்த தூளுக்கு அது கிட்டவும் வராது. சோயாவைச் சுடுநீரில் ஊறவிட்டுப் பிழிந்து, மறுபடி ஒரு தண்ணீர் விட்டுப் பிழியுங்கள். துண்டிலேயே சேர்த்த உப்பு கணிசமாகப் போய்விடும், சோயாவின் பச்சை வாடையும் போகும். பக்கற்றில் உப்பு, சீனி, கொழுப்புக்கு சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறக்குறி இருந்தால் உப்பின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கற்றில் கொழுப்பு இல்லை, ஆனால் சட்டியில் சேருகிறது. சோயாத் துண்டு பஞ்சு மாதிரி. பொரித்தால் அந்தத் துளைகளெல்லாம் எண்ணெயைக் குடிக்கும். பொரித்து, பிறகு கட்டிப்பாலும் விட்டு வற்ற வைத்தால் தோல் நீக்கிய கோழிக் கறியைவிட அதிகக் கொழுப்புத்தான் தட்டுக்கு வரும். கொலஸ்ரோலுக்காக இறைச்சியை விட்டவர்கள் சோயாவைப் பொரித்துத் தின்பதை அடிக்கடி பார்க்கிறேன், கவலையாக இருக்கும். பொரிக்காமல் வெங்காயம் வதக்கி, இரண்டாம் பாலில் வேகவைத்து, இறக்கும்போது கொஞ்சம் கட்டிப்பால் விடுங்கள். ருசி குறையாது.

இனித் தம்பியின் கனடாக் கதை. அவர் சாப்பிட்டது அமெரிக்க நிறுவனங்களான இம்பொசிபிள் புட்ஸ், பியொண்ட் மீற் போன்றவை செய்யும் வகையாக இருக்கலாம். இரத்தம் போல வடிகிறது என்பதால் இம்பொசிபிள் என்றே நினைக்கிறேன். சோயாச் செடியின் வேரில் எங்கள் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு ஒத்த ஒரு புரதம் இருக்கிறது. அதை மதுவத்தில் (ஈஸ்ற்) வளர்த்து எடுத்துச் சேர்ப்பதால்தான் அந்தச் சிவப்பும் இறைச்சி வாசனையும். 113 கிராம் துண்டு ஒன்றில் 19 கிராம் புரதம், மாட்டிறைச்சித் துண்டின் அளவேதான். இரும்பும் பி12உம் அதில் சேர்த்திருக்கிறார்கள், ஆகவே சத்தில் இறைச்சிக்கு அருகில் என்று தம்பி சொன்னதில் பிழையில்லை. ஆனால் சுவைக்காகத் தேங்காய் எண்ணெய் சேர்ப்பதால் நிறைவுற்ற கொழுப்பு மெலிந்த இறைச்சியைவிடக் கூட. சோடியம் ஏறக்குறைய 370 மில்லிகிராம், அதே அளவு பச்சை மாட்டிறைச்சியில் 80. அவர்களும் இறைச்சியை உப்பில்லாமல் சுட்டுத் தின்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

இவற்றை இறைச்சியோடு ஒப்பிட்ட ஆய்வொன்றை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்டார்கள். 36 பேர் எட்டுக் கிழமை தாவர இறைச்சியும் எட்டுக் கிழமை சாதாரண இறைச்சியுமாகச் சாப்பிட்டார்கள். தாவர இறைச்சிக் காலத்தில் எல்.டி.எல் என்னும் கெட்ட கொலஸ்ரோலும் உடல் நிறையும் கொஞ்சம் குறைந்திருந்தன. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பியொண்ட் மீற் நிறுவனம். ஆய்வாளர்களே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள், நீங்களும் தெரிந்திருக்க வேண்டும். எப்படியும் இங்கே நீங்கள் வாங்குகிற சோயா பக்கற் அதுவல்ல. பெயர் கிட்டக்கிட்ட இருந்தாலும் இரண்டு வேறு சாமான். இங்குள்ளதில் நிறைவுற்ற கொழுப்பு இல்லை, நல்லது. பி12 பொதுவாகச் சேர்ப்பதில்லை, அது குறை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பதில் சொல்ல வேண்டும். சோயாவில் ஐசோபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. அதன் வடிவம் பெண் ஹோர்மோனைக் கொஞ்சம் ஒத்திருப்பதால்தான் இந்தப் பயம். ஆண்பிள்ளைகளுக்குக் கூடாது என்றும் ஒரு பேச்சு ஊரில் உண்டு. ஆண்களில் செய்த 40க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் பார்த்தபோது, ஆண் ஹோர்மோன் அளவில் சோயா எந்த மாற்றமும் செய்யவில்லை. ஜப்பானிலும் சீனாவிலும் பெண்பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே சோயா சாப்பிட்டுத்தான் வளர்கிறார்கள். மகளுக்கு இந்த அளவு சோயாவால் ஒன்றும் ஆகாது. தைரொயிட்டுக்குத் தைரொக்சின் குளிசை போடுகிறவர்கள் மட்டும் குளிசைக்கும் சோயாவுக்கும் நாலு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் குளிசை சரியாக உறிஞ்சப்படாது. அந்த அக்காவுக்கு அந்தக் குளிசை இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

கிழமையில் நாலு நாள் சோயா என்றிருக்கிறீர்கள். இரண்டு நாளாக்கினால் நல்லது. சோயா கெடுதி என்பதற்காக இல்லை, ஒன்றையே திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் மற்றச் சத்துக்கு இடமில்லாமல் போகும் என்பதால். மற்ற நாளில் கடலைக் கறி, கௌபி, முளைவிட்ட பயறு வைக்கலாம். பயறு முளைக்கும்போது நான் மேலே சொன்ன பைற்றேற் குறைகிறது, இரும்பு உள்ளே போவதும் லேசாகிறது. மகளுக்குப் பின்னேரம் ஒரு கைப்பிடி அவித்த கச்சான். பலாக்கொட்டை வருகிற காலத்தில் அதையும் விடாதீர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பிஞ்சுப் பலாக்காயை இறைச்சிக்கறி மாதிரி வைத்துவிட்டு, இன்றைக்கு இறைச்சிக்குப் பதில் இது என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. நார் மாதிரி இருக்கும், இறைச்சி மாதிரி மெல்லலாம், ஆனால் 100 கிராமில் இரண்டு கிராம் அளவு புரதம்தான் வரும். காளானும் அப்படித்தான், மூன்று கிராம். சாப்பிடுங்கள், அருமையான கறிகள். கூட ஒரு பருப்பு வையுங்கள்.

இனி மாமி.

பி12 எந்தத் தாவரத்திலும் இல்லை. பெரியவர்களுக்கு நாளுக்கு 2.4 மைக்கிரோகிராம் போதும், ஆனால் அது மச்சத்திலும் முட்டையிலும் பாலிலும்தான் இருக்கிறது. மகள் தினம் ஒரு முட்டையும் இரண்டு கிளாஸ் பாலும் அல்லது ஒரு கிளாஸ் பாலும் நல்ல ஒரு கோப்பை எருமைத் தயிரும் எடுத்தால் ஓரளவு சமாளிப்பாள். மாமி முட்டையும் இல்லாமல் நாலு வருடம். சீனி வருத்தக்காரர் என்பதால் தேத்தண்ணியையும் பாலில்லாமல் வெறுமையாகத்தான் குடிப்பார் என்று ஊகிக்கிறேன். எங்கள் ஈரலில் பி12 சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேமித்து இருக்கும். அதனால்தான் விட்ட உடனே ஒன்றும் தெரியாது. நாலு வருடம் என்பது அந்தச் சேமிப்புத் தீர்கிற காலம். அதற்கு மேல் மெற்போமின். சீனிக்கு அது நல்ல மருந்து, ஆனால் வருடக்கணக்கில் எடுப்பவர்களில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. இது நன்றாக அறியப்பட்ட விஷயம். பிரித்தானியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதை வைத்தியர்களுக்கு மீண்டும் நினைவூட்டி, ஆபத்து உள்ளவர்களின் பி12 அளவைப் பார்க்கச் சொன்னது.

பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கப்படும். கால் விறைக்கும், எரியும், ஊசி குத்துவது போல இருக்கும், நடக்கும்போது தள்ளாடும். சீனி கூடி நரம்பு பாதிக்கப்பட்டாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான். அதனால்தான் 'சீனியால் வருவதுதானே' என்ற வார்த்தையைக் கண்டதும் எனக்குப் பயம் வந்தது. சீனியாலும் இருக்கலாம், பி12 குறைவாலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். காலைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, இரத்தச் சோதனைதான் சொல்லும். பி12 குறைவு என்றால் அது மருந்து கொடுத்துத் திருத்தக்கூடியது. ஆனால் நாள் கடந்தால் நரம்பு முழுதாகத் திரும்பாது.

கிளினிக்கில் ஒரு அம்மா. அவரும் விரதக்காரர், வருடக்கணக்காக மெற்போமின். ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று விழுந்திருக்கிறது. அது தெரியாமல் சுடுமணலில் நடந்து வந்து, வாசலில் வைத்து அடுத்தவர் சொல்லித்தான் குனிந்து பார்த்தார். பாதம் கொப்புளித்திருந்தது. மாமியின் பாதத்தை இன்று பின்னேரமே வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம் எல்லாம். தெரியாமல் பட்ட காயம் ஏதாவது இருக்கிறதா என்று.

மெற்போமினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சீனி ஏறினால் நரம்புக்கு அது இன்னும் கெடுதி. டொக்டரிடம் மூன்று விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: பத்து வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் போடுகிறார், நாலு வருடமாக மச்சமும் முட்டையும் இல்லை, இப்போது கால் விறைக்கிறது. பி12 பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. குறைவு என்று வந்தால் பாலும் தயிரும் மட்டும் அதைச் சரிக்கட்டாது. ஊசியா குளிசையா என்று டொக்டர் தீர்மானிப்பார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது பாதிக்கப்பட்டிருந்தால் சோயாவோ பருப்போ எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கே மாறும்.

நேர்ந்துவிட்டு மச்சத்தை விட்டவர் என்பதால் மாமி தயங்கக்கூடும். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: பி12ஐ மாடும் மீனும் செய்வதில்லை. அதைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். மாடு அதை வயிற்றில் வாழும் பற்றீரியாவிடமிருந்து எடுக்கிறது. மருந்துக்காகவும் அதே போலப் பற்றீரியாவைத் தொட்டியில் வளர்த்துத்தான் பி12 எடுக்கிறார்கள். ஊசியும் குளிசையும் மச்சத்திலிருந்து வருவதல்ல, அவர் நேர்த்திக்கு ஒரு குறையும் வராது. கூடு மருந்தாகத் தந்தால் மட்டும் அந்தக் கூடு சிலவேளை விலங்கிலிருந்து எடுத்த ஜெலற்றினாக இருக்கும். குளிசையாகத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

மாமியின் கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதி என்னவென்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி இருந்தால் அதுவரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது மகளையும் கூட்டிப் போய் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். இரண்டு பேருடைய முடிவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதை வைத்து மற்றதைப் பேசுவோம்.